இடது போட்டால் வலது

"இடது இண்டிகேட்டர் போட்டிருக்கேன். எது எரியுது?" வண்டிக்குள்ளிருந்து தையல்காரர் கேட்டார்.

"வலதுங்க," என்றாள் டிரெய்லருக்குப் பின்னால் நின்ற மனைவி.

கட்டில் கடை ஐந்து மணிக்கு மூடிவிடும். கால் எலும்பு முறிந்த அவருடைய அக்கா நாளைக் காலை ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள். சாய்த்து நிமிர்த்தும் கட்டில் இல்லையென்றால் தரையில்தான் படுக்க வேண்டும். விளக்கு மாறி எரியும் டிரெய்லரைப் பாலத்தடிப் போலீஸ் விடமாட்டார்.

தையல்காரர் இறங்கி, வண்டியில் செருகும் டிரெய்லர் பிளக்கைத் திறந்து, மஞ்சள் ஒயரையும் பச்சை ஒயரையும் இடம் மாற்றி முடுக்கினார். இரவல் வண்டி, ஸ்டீயரிங்கில் கறை படலாமா? மனைவி தண்ணீர் ஊற்ற, உள்ளே போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவி வந்தார்.

"இப்ப?"

"இப்பவும் வலதுதான்."

மாமனார் படியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். எட்டு வருடமாக மாப்பிள்ளையை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை; அதுவே தையல்காரருக்குப் பயம். அவரிடம் போய்க் கேட்பதா?

உதிரிபாகக் கடைக்கு ஓடினார்.

"வண்டியில எத்தனை பின்னு?" என்றார் கடைக்காரர்.

"ஏழு."

"பழைய பிளக்கைக் கடாசிட்டு இதை மாட்டுங்க."

புதியதில் மஞ்சளையும் பச்சையையும் மறுபடி இடம் மாற்றி மாட்டினார். கை கழுவினார். இடது போட்டால் வலதுதான் எரிந்தது. பிரேக் விளக்கும் போயிருந்தது.

"அம்பது கலர் நூலு என் பேச்சைக் கேக்குது. ஏழு ஒயரு மானத்தை வாங்குதே."

"இன்னும் கிளம்பலையா?" என்றாள் மாடி வீட்டம்மா, ஜன்னலிலிருந்து.

விட்டுப்போன சிவப்பு ஒயரை மாட்டினார். கையோடு மஞ்சளையும் பச்சையையும் இன்னொரு முறை மாற்றினார். கை கழுவினார். பிரேக் எரிந்தது. இடது, வலதாகவே இருந்தது.

மணி நாலேகால். ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"இனி நான் தொடறதா இல்ல."

மனைவி தண்ணீர் ஊற்ற, உள்ளே போய்க் கை கழுவி, கண்மூடி நின்றார். 'சாமி, எனக்காக வேணாம். அக்காவுக்காக.'

திரும்பி வந்து சுவிட்சைத் தட்டினார்.

"இடது எரியுதுங்க," என்றாள் மனைவி. "வலதும் சரி. பிரேக்கும் சரி."

தையல்காரருக்குக் கண் கலங்கியது. "நான் விரலே வைக்கல பாத்தியா? சாமியே வந்து மாத்திட்டார்."

"சாமி எங்கேப்பா வந்தார்?" என்றாள் மாடி வீட்டம்மா. "நீ கை கழுவப் போறப்பல்லாம் உன் மாமனார்தான் ஓடி வந்து, வண்டிப் பக்கம் அதே ரெண்டு ஒயரை மாத்திட்டுப் போய்ப் பேப்பரை விரிச்சுக்கிறார். இந்த ஒரு தடவைதான் நீ சும்மா இருந்தே."