மஞ்சளுக்கு எதிரி டோனர் மாமி

திருவனந்தபுரத்தில் மஞ்சள் நிறத்தை எதிர்த்துத் தன்னந்தனியாகப் போர் நடத்திய ஒரே ஆள் டோனர் மாமிதான். மாம்பழம், சாமந்தி, தங்கம் மூன்றுக்கும் மாமி மன்னிப்பு வழங்கியிருந்தார். மனிதத் தலையில் மஞ்சளைக் கண்டால் மட்டும் ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து துரத்துவார்.

அப்போது நான் கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருந்தேன். ஆபீசுக்கு எதிரே ஒரு பேக்கரி. அதன் மாடியில் ஒரு பார்லர். மாமி தினமும் ஸ்ரீவராகத்திலிருந்து பஸ் பிடித்து அங்கே வேலைக்கு வருவார். ஐம்பத்தைந்து வயது, இரட்டை மூக்குத்தி, நெற்றியில் குங்குமம், இடுப்பில் செருகிய காட்டன் புடவை. முதல் முறை பார்லருக்கு வரும் ஐ.டி. பெண்கள் மாமியைப் பார்த்ததும், "அப்பளம் வேண்டாம்" என்று சொல்லிவிடுவார்கள். மாமி கறுப்பு ரப்பர் கையுறையை மாட்டுவார். அந்தச் சத்தத்திலேயே அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்கள்.

டோனர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: நம் கறுப்பு முடியை ப்ளீச் போட்டு வெளுத்தால் நேராகப் பொன்னிறம் வந்துவிடாது. கோழிக்குஞ்சு மஞ்சள்தான் வரும். அதன்மேல் வயலட் கலந்த கிரீமைப் பூசிச் சில நிமிஷம் வைத்து அலசினால், மஞ்சளும் வயலட்டும் அடித்துக்கொண்டு அடங்கி, பார்க்கத் தகுந்த ஒரு நிறம் மிஞ்சும். சீக்கிரம் அலசினால் கோழிக்குஞ்சு, தாமதித்தால் சாம்பல் வெள்ளியில் தொடங்கிக் கத்திரிப்பூ வரை போகும். இரண்டுக்கும் நடுவிலிருக்கும் ஓரிரு நிமிஷம்தான் மாமியின் ராஜ்ஜியம். கணவரோடு மஸ்கட்டில் இருந்த காலத்தில் கற்றுக்கொண்டாராம். முடி வெட்ட மாட்டார், ப்ளீச் போட மாட்டார். அதற்கெல்லாம் வேறு பெண்கள். மாமிக்கு டோனர் மட்டும். பார்லர் முதலாளி சிந்து சேச்சியின் போனில்கூட அவர் பெயர் 'டோனர் மாமி' என்றுதான் இருந்தது.

டோனர் தலையில் இருக்கும்போது யாரும் பேசக்கூடாது. போன் அடிக்கக்கூடாது. நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு கீற்று முடியைத் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஒருமுறை ஒரு பெண் அந்த நேரத்தில் தும்மிவிட்டாள்.

"பிரசவ நேரத்துல டாக்டர் முன்னாடி தும்முவியாடீ?" என்றார் மாமி.

அடுத்தது தண்ணீர். கழக்கூட்டம் ஹாஸ்டல்களின் போர்வெல் தண்ணீரில் இரும்பு அதிகம், அதில் குளித்தால் டோனர் போட்ட முடி மறுபடி மஞ்சளாகும் என்பது மாமியின் கட்சி. அதனால் டோனர் போட வருகிறவர்கள் தங்கள் குளியலறைத் தண்ணீரை பாட்டிலில் கொண்டுவர வேண்டும். மாமி குலுக்குவார், வெளிச்சத்தில் பிடிப்பார், மோந்து பார்ப்பார்.

"இதுலயா தலை அலம்பறாய்? இது தண்ணி இல்லே கேட்டியா, துருப்பிடிச்ச கேட்டைக் கரைச்ச கஷாயமாக்கும். ஹாஸ்டல் மாத்து, அப்பறம் வா."

மாமி சொன்னதற்காக ஹாஸ்டல் மாறிய பெண்கள் எனக்குத் தெரிந்து மூன்று பேர்.

ஒருநாள் நானும் மாமியும் ஒரே பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். முன் சீட்டில் ஒரு வெள்ளைக்காரப் பெண். நல்ல பொன்னிற முடி. மாமிக்குக் கை அரித்தது. அவள் தோளைத் தட்டி, "மோளே, யூ நீட் வயலட்" என்றார். அவள் திரும்பி, தனக்குப் பிறந்ததிலிருந்தே இந்த நிறம்தான் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் மொழிபெயர்த்தேன்.

"பிறவியிலேயே இருந்தா என்ன? பிறவிக் கோளாறைச் சரியாக்கப்பிடாதா?" என்றார் மாமி.

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. மாமி பார்லர் விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினார்.

இப்படிப்பட்டவரின் கையில் என் தலையே ஒருநாள் சிக்கியது. என் சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். அப்பா சர்ச் சபையில் பெரிய மனிதர். எனக்கு ஷீபா என்ற பள்ளி ஆசிரியையைப் பேசி முடித்து, சனிக்கிழமை எங்கள் வீட்டில் நிச்சயதார்த்தம் என்று வைத்திருந்தார்கள். அழைப்பிதழை ஆபீஸ், பேக்கரி, பார்லர் எல்லா இடத்திலும் கொடுத்தாயிற்று. அந்த வாரம் பார்த்து எங்கள் ஆபீஸ் விழாவில் நாடகம். எனக்கு வெளிநாட்டுப் பயணி வேஷம். நண்பர்கள் விக் வேண்டாம் என்றார்கள். ஒரு மலிவான கடையில், முடியைக் கீற்றுக் கீற்றாக வெளுக்கும் ஹைலைட்ஸ் போட்டுக்கொண்டேன். கலைக்காகச் செய்த தியாகம். கடைக்காரன் ப்ளீச்சைப் போட்டுவிட்டு கிரிக்கெட் பார்க்கப் போய்விட்டான்; என் தலை கோழிக்குஞ்சாகிவிட்டது. நாடகத்தில் எனக்குப் பலத்த கைதட்டல். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே.

வியாழக்கிழமை மாலை மாமியிடம் ஓடினேன்.

"மாமி, சனிக்கிழமை நிச்சயம். கறுப்பு அடிச்சு விடுங்க, புண்ணியமாப் போகும்."

மாமி என் தலையைத் தொட்டுப் பார்த்து, அடிபட்ட நாய்க்குட்டியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "யாருடா குழந்தே இப்படிப் பண்ணினது? முடி வெந்து போயிருக்கு. இதுக்கு மேலே கறுப்பு போட்டா பச்சை அடிக்கும். பச்சைத் தலையோட போய் மோதிரம் போடப்போறயா?"

"அப்ப என்ன பண்ண?"

"டோனராக்கும் வழி. வெந்த முடி நிறத்தைச் சட்டுனு வலிச்செடுக்கும். அஞ்சு நிமிஷம், ஒரு செகண்டு கூடப்பிடாது. அப்பறம் நீ ராஜகுமாரன்."

பூசினார். ஐந்தாவது நிமிஷம் கீற்றைத் துடைத்துப் பார்த்து, "ஆயாச்சு! எழுந்திரு, எழுந்திரு!" என்று கத்தி என்னைக் குழாயடிக்குத் தள்ளினார். குழாயைத் திறந்தார். குழாய் ஒரு பெருமூச்சு விட்டது. தண்ணீர் வரவில்லை.

ஊரிலுள்ள தண்ணீரையெல்லாம் குலுக்கிப் பார்த்த மாமி, தன் மாடித் தொட்டியை மட்டும் அன்று பார்க்கவில்லை. மோட்டார் காலையிலேயே கெட்டுப்போயிருந்ததாம்.

மாமி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கினார். கழுத்தில் கறுப்புத் துணி, தலையில் வயலட் களிம்பு, அந்தக் கோலத்தில் நான். பேக்கரி வாசலில் என் டீம் மொத்தமும் மேனேஜரோடு டீ குடித்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் திருநெல்வேலிக்காரர். மாமி அவருடைய தண்ணீர் கேனைத் தூக்கி என் தலையில் கவிழ்த்தார்.

"மாமி, மாமி! அது குடிக்குத தண்ணி!"

"குடிக்கறவா நாளைக்குக் குடிப்பா! அடுத்த கேனை எடும்!"

மூன்று கேன் தண்ணீர் காலியானது. முடி காய்ந்ததும் கண்ணாடியில் பார்த்தேன். மஞ்சள் போயிருந்தது. கீற்றுக் கீற்றாகச் சாம்பல் வெள்ளி. எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. மேனேஜர்கூட "கொள்ளாம்" என்று பாராட்டினார். மாமி மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து, "நாலு நிமிஷம் கூடிடுத்து. நாலு நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். காபி கொண்டுவந்து கொடுத்தார்கள். தொடவில்லை.

ஊருக்குப் போனபிறகுதான் விஷயம் எனக்கு உறைத்தது. அப்பா வாசலில் நின்று என் தலையை மேலும் கீழும் பார்த்தார்.

"எலே, இது என்னதுலே? நரையா?"

"டோனர்ப்பா."

"அது எந்த நோயிலே?"

அம்மா கறுப்புச் சாயம் வாங்க ஆளை அனுப்பப் பார்த்தார். பச்சை அடிக்கும் என்றேன். தம்பி மொட்டை போடலாம் என்றான். "நிச்சயத்துக்கு மொத நாளு மொட்டையடிச்சா சபையில என்ன நெனப்பாவ? எந்தக் கோயிலுக்கு நேந்துட்டு வந்தான்னு கேக்கமாட்டாவளா?" என்று அப்பா அதட்டினார். கடைசியில் பச்சை மாப்பிள்ளையைவிட நரைத்த மாப்பிள்ளை மேல் என்று முடிவாயிற்று. அந்தச் சமயத்தில் மாமி போன் செய்தார். நிலைமையைச் சொன்னேன். கேட்டதும் போனை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை பெண் வீட்டார் ஷீபாவோடு வந்து இறங்கினார்கள். பந்தலில் எண்பது பேர். ஜெபம் தொடங்குவதற்கு முன்னால் ஷீபாவின் தாய்மாமா எழுந்தார்.

"மாப்பிளைக்கு வயசு இருவத்தெட்டுண்ணுதானே சொன்னிய? பாத்தா எனக்கச் செட்டு மாதிரி இருக்கே?"

அப்பா என் பள்ளிச் சான்றிதழை எடுத்துவந்து நீட்டினார். தாய்மாமா அதைத் தொடவில்லை. "சர்ட்டிபிக்கெட்டு பொய் சொல்லும் ஓய். தலை பொய் சொல்லாது."

பந்தல் சலசலத்தது. பெண் வீட்டில் இரண்டு பேர் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் நான் அந்த நிமிஷமே உண்மையாக நரைத்திருப்பேன்.

அப்போது வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. பட்டுப்புடவை, இரட்டை மூக்குத்தி, கையில் ஒரு பெரிய துணிப்பை. மாமி நேராகப் பந்தலின் நடுவுக்கு வந்தார்.

"எல்லாரும் க்ஷமிக்கணும். இந்தக் குழந்தைக்கு நரையும் இல்லே, வயசும் ஆகலே. இது டோனராக்கும். போட்டது நான். நாலு நிமிஷம் கூடிப் போயாச்சு. தண்ணி இருக்கான்னு பாத்துட்டுன்னா தலைல கை வைக்கணும்? நான் பாக்கலே. தப்பு என்னோடது."

பார்லரில் சிந்து சேச்சியிடமே தப்பு என்று ஒப்புக்கொள்ளாத மாமி இதை எண்பது பேர் முன்னால் சொன்னார்.

தாய்மாமா அசரவில்லை. "சாயம்னா கழுவினா போவணும்லா?"

"போகும். நான் கழுவிக் காட்டறேன்."

சொல்லிவிட்டு மாமி ஒரு கணம் நின்றார். கழுவினால் என்ன நிறம் வரும் என்று அந்தப் பந்தலில் எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

கிணற்றடியில் என்னை உட்காரவைத்தார். பையிலிருந்து பொடுகு ஷாம்பு வந்தது. அம்மாவிடம் ஆப்பசோடா கேட்டு வாங்கிக் கலந்தார். எண்பது பேரும் சுற்றி நின்றார்கள். ஒருமுறை தேய்த்து அலசினார். இருமுறை. நான்காவது முறையில் வெள்ளி கரைந்தது. ஐந்தாவது முறையில், கிணற்றடி வெயிலில், என் தலையில் கோழிக்குஞ்சு மஞ்சள் பளீரென்று எழுந்தது.

தன் கையால் ஒரு தலையில் மஞ்சளை வரவழைத்த மாமியின் முகத்தை நான் தண்ணீர் சொட்டச் சொட்ட அண்ணாந்து பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். "நோக்கிக்கோங்கோ" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். அவர் மட்டும் பார்க்கவில்லை.

"நரை இல்லடே!" என்று தாய்மாமாவே அறிவித்தார். செருப்புகள் பழைய இடத்துக்குத் திரும்பின. அப்பாவுக்குப் போன உயிர் வந்தது. வந்த உயிர் என் புதிய நிறத்தைப் பார்த்து மறுபடி கொஞ்சம் போனது.

ஷீபா முன்னால் வந்தாள். துண்டை என்னிடம் நீட்டிவிட்டு, மாமியின் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள்: "இதுக்கு அந்த வெள்ளியே நல்லா இருந்துது மாமி."

மாமிக்குக் கண் திறந்தது. "கேட்டேளா! பெண்ணுக்குக் கண்ணு இருக்கு! விட்டுடாதேடா இவளை" என்று என் முதுகில் ஈரக் கையால் ஓர் அறை வைத்தார்.

அன்று எங்கள் வீட்டில் பிரியாணி. மாமி இரண்டு பழமும் ஒரு டம்ளர் மோரும் எடுத்துக்கொண்டு, பார்லரில் மூன்று பேர் காத்திருக்கிறார்கள் என்று கிளம்பிவிட்டார். மஞ்சள் தலையோடு நான்தான் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் என்னைத் திட்டினார். அந்த மலிவுக் கடைக்காரனைத் திட்டினார். எங்கள் கிணற்றுத் தண்ணீரை மட்டும் நல்ல தண்ணீர் என்றார். பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பி வழியாகக் கையை நீட்டி என் ஈரத் தலையை ஒருமுறை தடவினார்.

"தலையைத் துவட்டுடா, ஜலதோஷம் பிடிக்கும்."

பஸ் திருவனந்தபுரம் ரோட்டில் திரும்பி மறையும்வரை நான் நின்றேன். நான் முதன்முதலில் வேலைக்குக் கிளம்பியபோது, அம்மா வாசலில் நின்றதுபோல.