மாமாவின் தூண்டில் கயிறும் என் நொதியமும்

யாராவது "அது என்ன?" என்று கேட்டால், விளங்கப்படுத்தாமல் இருக்க எனக்கு முடியாது. இது ஒரு வருத்தம். (மருந்தில்லை. மனைவிதான் இருக்கிறாள்.)

அப்போது வவுனியாவில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. "அப்பா ஓம் எண்டால்தான் கலியாணம். வந்து முகத்தைக் காட்டுங்கோ, கொஞ்சமாக் கதையுங்கோ" என்று ஜெனிற்றா சொல்லியிருந்தாள். முல்லைத்தீவுக் கரையோரத்தில் அவர்கள் வீடு. தகப்பனார் கடற்றொழிலாளி.

"தம்பிக்கு என்ன வேலை?"

"மரபணு விரலடையாளம் எடுக்கிறது, ஐயா."

"பொலிசிலயோ?"

இல்லை என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்திருக்கலாம்.

"விரலில இல்லை ஐயா. உடம்புக்குள்ள நூல் மாதிரி டி.என்.ஏ. இருக்கு. அதை வெட்ட ஒரு நொதியம், என்சைம் எண்டுவினம். கண்டபடி வெட்டாது, தனக்குத் தெரிஞ்ச அடையாளம் உள்ள இடத்தில மட்டும்தான்."

அவர் தலையாட்டினார். (மரியாதைக்கு. நான் ஆர்வம் என்று நினைத்துவிட்டேன்.) மூலையில் இரண்டு தூண்டில் கயிற்றுச் சுருள்கள், இடைக்கிடை சிவப்பு நூல் கட்டியபடி. பக்கத்தில் கத்தரிக்கோல். விஞ்ஞானத்துக்கு வேறென்ன வேண்டும்?

"இதை எடுக்கட்டோ, ஐயா?"

"எடுத்துப் பாருங்கோ."

பார்க்கத்தான் சொன்னார். நான் சிவப்பைக் கண்ட இடமெல்லாம் வெட்டி, துண்டுகளை நீளவாரியாக நிலத்தில் அடுக்கினேன்.

"ஆளுக்காள் அடையாளம் வேற வேற இடத்தில இருக்கும். துண்டுகளின்ர நீளமும் மாறும். அதை வைச்சு ஆளைப் பிடிச்சிடலாம். ஆனால் ஒப்பிட இன்னொண்டு வேணும்" என்று மற்றச் சுருளையும் வெட்டினேன்.

குசினி வாசலில் தாயார் சிலுவை அடையாளம் போட்டார்.

"தம்பி," என்றார் தகப்பனார் மெதுவாக, "அந்தச் சிவப்பு, தூண்டில் கட்டிற இடம். மூண்டு நாளா அளந்து கட்டினனான். நாளைக்குத் தொழிலுக்கு."

என் கலியாணமும் துண்டு துண்டாக நிலத்தில் கிடந்தது.

"வெட்டிறது விளங்கிச்சு. ஒட்டவும் உங்களிட்டை ஏதும் இருக்கோ?"

"இருக்கு ஐயா! அதுக்கு வேற நொதியம்..."

"வாயை மூடிக்கொண்டு இதைப் பிடியுங்கோ." ஜெனிற்றா வந்து நிலத்தில் இருந்தாள். ஒரு முனையை என் கையில் தந்தாள். நான் போட்ட முடிச்சு உடனே அவிழ்ந்தது. தகப்பனாரும் கீழே இருந்து, என் விரலைப் பிடித்துக் கயிற்றைச் சுற்றிக் காட்டினார். பொழுது சாயும்வரை மூவரும் துண்டுகளை முடிந்தோம். என் கடைசி முடிச்சை அவர் இழுத்துப் பார்த்தார்.

"தாங்கும். தாய் தகப்பனைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

போன மாதம் மாமா வீட்டுக்கு வந்த உறவுக்காரி ஒருவர், எங்கள் மூன்று வயது மகள் யாருடைய சாயல் என்று முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவளோ தாத்தாவின் புதுக் கயிற்றடிக்குப் போய்விட்டாள். மாமா ஓடிப்போய் அவள் கையிலிருந்த கத்தரிக்கோலைப் பறித்தார்.

"முகத்தை விடு பிள்ளை," என்றார் உறவுக்காரியிடம். "தகப்பன் ஆரெண்டு கையில தெரியுது."