அயல்மொழிப் பிரிவில் தமிழும் உண்டு

இந்திய நாட்டின் வருங்காலம், நல்லூரில் எட்டுத் தையல் மிஷின்கள் ஓடும் ஒரு தகரக் கொட்டகையில் வைத்துத் தீர்மானிக்கப்பட்டது. தீர்மானித்தவர் முகமது ரபீக். வெளிநாட்டுக் குழந்தைகளுக்குப் பனியன் தைத்துக் கொடுக்கும் அவருக்கு, தன் குழந்தை மட்டும் உள்நாட்டுப் பாடம் படிப்பது மானக்கேடாகப் பட்டது. நாலரை வயது சாயிமா சர்வதேசப் பாடத்திட்டத்தில்தான் படிப்பாள் என்று அறிவித்தார். மனைவி தபஸ்ஸும் வழிமொழியவில்லை, எதிர்க்கவும் இல்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

பள்ளிக்குப் போனார்கள். அங்கே புத்தகம் கிடையாது, பரீட்சை கிடையாது, மதிப்பெண் கிடையாது என்று அட்மிஷன் அம்மையார் பெருமையோடு விளக்கினார்.

"ஏனுங்க, புஸ்தகமும் இல்ல, பரிச்சையும் இல்லீங்கறீங்க. அப்புறம் பீஸு எதுக்குங்க?" என்று தபஸ்ஸும் கேட்டாள்.

"அதெல்லாம் இல்லாமப் பாத்துக்கறதுக்குத்தாங்க."

இந்தப் பதிலின் ஆழத்தில் ரபீக் கரைந்துபோனார். தைத்த பனியனுக்குப் பீஸுக்கு இவ்வளவு என்று வாங்கியே பழகிய தொழில் அவருடையது. கொடுப்பதற்கும் ஒரு பீஸ் உண்டு என்று அன்றுதான் அறிந்தார்.

பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜெர்மன் எல்லாம் இருந்தன. தமிழ் இருக்கிறதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இருக்குதுங்க சார். அயல்மொழிப் பிரிவுல."

தமிழை பிரெஞ்சுக்குச் சமமாக உட்கார வைத்த பள்ளியை நினைத்து அவருக்கு நெஞ்சு விம்மியது. விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் அவர் 'தையல்' என்று எழுதியிருந்ததை அம்மையார் கருணையோடு அடித்துவிட்டு, 'ஆடை நிறுவனத் தலைவர்' என்று திருத்தினார். ஒரே ஒரு நிபந்தனைதான்: வீட்டில் தமிழ் கூடாது.

நிபந்தனை அன்றே அமலுக்கு வந்தது. கணவனுக்கும் மனைவிக்கும் தெரிந்த ஆங்கிலம் பனியன் தொழிலோடு முடிந்துவிடும். ஆகவே குழந்தை அழுதால் 'டேமேஜ்', விளையாடினால் 'ரன்னிங்', சோற்றை மிச்சம் வைத்தால் 'பெண்டிங்' என்று குடும்பம் சீராக நடந்தது. 'அத்தா' ஒழிந்து 'டாடி' வந்தார். தூங்கும்வரை வாய் ஓயாத சாயிமா, பேசுவதற்கு முன் யோசிக்கத் தொடங்கினாள். பிறகு யோசிப்பதோடு நிறுத்திக்கொண்டாள். 'ஆழ்ந்த சிந்தனையாளர்' என்று பள்ளி அவளுக்குச் சான்றிதழ் கொடுத்தது. ரபீக் அதை லேமினேட் செய்து மாட்டினார்.

ஆறு மாதம் கழித்துப் பள்ளியில் 'உலகக் குடிமகன் வாரம்' கொண்டாடினார்கள். குழந்தைகள் ஏழைகளை நேரில் பார்த்து, பழைய துணி கொடுத்து, இரக்கம் பயில வேண்டும். இதற்குத் தகுந்த ஏழைகள் நல்லூரில் இருப்பதாகப் பள்ளி வேன் டிரைவர் தகவல் சொன்னார்.

அன்று டெய்லர் ஒருவர் லீவு. ரபீக்கே மிஷினில் உட்கார்ந்திருந்தார். வியர்வையில் நனைந்த பனியன், தலையெல்லாம் பஞ்சு. வாசலில் வேன் வந்து நின்றது. மூக்கில் கர்சீப்பை வைத்துக்கொண்டு குழந்தைகள் வரிசையாக உள்ளே வந்தார்கள். அட்மிஷனுக்குக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தவர் இவர்தான் என்று கூட வந்த மிஸ்ஸுக்கு அடையாளம் தெரியவில்லை.

ஏழாவதாக வந்தவள் சாயிமா. கையில் சாயம் போன ஒரு டி-ஷர்ட்.

ரபீக்குக்குக் கால் மிதியை அழுத்தியபடியே நின்றுவிட்டது. மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. 'கண்ணு' என்று வாய்வரை வந்த சொல்லை நிபந்தனை தடுத்தது. சாயிமா துணியை நீட்டினாள். அவர் காதருகே எட்டி, ஆறு மாதத்தில் முதல் தடவையாக ஒரு முழு வாக்கியம் பேசினாள்.

"அத்தா, நான் உங்க புள்ளைன்னு மிஸ்ஸுகிட்டச் சொல்லிராதீங்க. ஸ்டார் தர மாட்டாங்க."

தமிழில்தான் சொன்னாள், ஒரு பிழை இல்லை. ரபீக் எழுந்து நின்று இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு, "தேங்க்யூ, மேடம்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். பள்ளிக்காகப் போட்டோ எடுத்தார்கள்.

சாயிமாவுக்கு மூன்று ஸ்டார் கிடைத்தது. 'வறுமையைப் பக்கத்தில் பார்த்தும் உணர்ச்சிவசப்படவில்லை' என்று மிஸ் பாராட்டி எழுதியிருந்தார். தபஸ்ஸும் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, பள்ளிக்கு நேரில் போய் நாலு கேள்வி கேட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பினாள். ரபீக் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"அவுங்க மேல தப்பில்ல, தபஸ்ஸு. ஆர்டர் குடுத்தது நாந்தான். சாம்பிள் மாதிரியே தெச்சுக் குடுத்திருக்காங்க."