ஏழு மணிக்குச் சப்பாத்துப் போட்டவன்

றோல்ஸ் என்கிற தின்பண்டம் சுற்றும் பக்ரறியின் பின்கதவிலிருந்து பஸ் தரிப்புவரை பாதித் தூரம் நடந்துவிட்டேன். விரல்களில் இன்னும் மாவு ஒட்டியிருந்தது. பின்னால் சுப்பர்வைசர் அன்ரியின் குரல் வந்தது.

"தம்பி, உப்பிடியே போனீரெண்டால் திரும்பி வரவேண்டாம்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நடந்தவன் நான். பிறகு ஒரு கப்பல், பாரிஸில் கோப்பை கழுவல், மொன்றியலில் கோழி வெட்டல் என்று எல்லாவற்றையும் விட்டு நடந்தவன். ஆனால் இன்னொருவனுக்காக ஒரு வேலையை விட்டு நடந்தது அன்றைக்குத்தான்.

அந்த இன்னொருவன் ரெடி; எப்போதும் தயாராக இருப்பதால் நான் வைத்த பட்டப்பெயர். அரசாங்கம் கேட்கிற கேள்விகளுக்கு, அவை கேட்கப்பட்டபடியே பதில் சொன்ன மனிதன் ரொறன்ரோவில் அவன் ஒருவன்தான். அவனுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மில்லிக்கனில் ஒரு வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில், பேஸ்மென்றில், எனக்கு அடுத்த அறை அவனுடையது. ஏப்ரலில் பல்கலைக்கழகம் முடித்தான். அதே மாதம், படித்துக்கொண்டே பின்னேரங்களில் வேலை செய்த ஜன்னல் தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தது. செப்டம்பரில் மேற்படிப்பு தொடங்கவேண்டும். இடைப்பட்ட மாதங்களுக்கு ஈ.ஐ., அதாவது வேலையிழந்தவர்களுக்கு அரசாங்கம் தருகிற காசு. அது நின்றால் அறையை விட்டு, விட்பியில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போகவேண்டும். அங்கே அத்தான் தன் தளபாடக் கடையில் இவனுக்கு ஒரு கதிரை போட்டு வைத்திருந்தார். "படிச்சது காணும், இனிக் கடையைப் பார்" என்பது அத்தானின் முடிவு. அந்தக் கதிரையில் இருந்தால் எழும்பமாட்டான் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஈ.ஐ. எடுப்பவர்கள் இரண்டு கிழமைக்கு ஒருமுறை சில கேள்விகளுக்குப் பதில் கொடுக்கவேண்டும். ஒவ்வொரு நாளும் வேலை செய்யத் தயாராக இருந்தீரா என்பது அதில் ஒன்று. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு 'ஓம்' என்று அழுத்துவார்கள். இவன் மட்டும், தயார் என்றால் தயாராக இருக்கவேண்டும் என்று நம்பினான். காலை ஏழு மணிக்கு முகம் கழுவி, தொழிற்சாலைக்குப் போடும் சேப்ரி சப்பாத்தைக் கட்டி, மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிடுவான். பின்னேரம் ஐந்து மணிக்குத்தான் சப்பாத்து கழலும். இடையில் வேலை விண்ணப்பங்கள் அனுப்புவான், படிப்பான், சப்பாத்தோடேயே சோறும் வடிப்பான்.

"தம்பி, உன்னை ஆர் பாக்கினம்?"

"ஒருத்தரும் பாக்கேல்லை அண்ணை. ஆனா கேக்கினமே."

ஒருநாள் காய்ச்சல் வந்து படுத்தான். அன்றைக்கு வேலை செய்ய முடியாமல் இருந்தேன் என்று தானே அறிவித்து, அந்த நாளின் காசை இழந்தான். அதுகூடப் பரவாயில்லை. அக்கா குடும்பம் நயாகராவுக்குக் கூட்டிப்போனபோது படகில் ஏறியிருக்கிறான். நாட்டை விட்டு வெளியே போனீரா என்பதும் ஒரு கேள்வி. படகின் மூக்கு அமெரிக்கத் தண்ணீருக்குள் போயிருக்குமோ என்று அவனுக்குச் சந்தேகம். அடுத்தநாள் போனில் ஒன்றரை மணித்தியாலம் சங்கீதம் கேட்டுக் காத்திருந்து அதைச் சொன்னான். மறுபக்கத்தில் இருந்தவர், "படகிலிருந்து இறங்கினீரா?" என்று கேட்டார். "இல்லை, ஆனால் நனைந்தேன்" என்றான் இவன்.

அப்படிப்பட்டவனுக்குத்தான் ஜூன் மாதம் அந்தக் கடிதம் வந்தது. செப்டம்பரில் படிக்கப் போகிறவர் இப்போது உண்மையில் வேலை தேடுகிறாரா என்று விசாரிக்க வேண்டும், நேரில் வரவும். படிக்கப் போவதை அவர்களுக்கு அறிவித்தது வேறு யாருமில்லை, இவனேதான். நிலையை உறுதிப்படுத்தக்கூடிய எதையும் கொண்டுவரலாம் என்று கடைசி வரி. அந்த 'எதையும்' என்பதற்குள் நானும் அடங்குவேன் என்பது அவனுக்கு விசாரணை நாள் காலையில்தான் பிடிபட்டது. பக்ரறிக்குப் போன் எடுத்தான்.

"அண்ணை, நான் ஏழு மணிக்கு வெளிக்கிட்டு இருக்கிறதை ஒவ்வொரு நாளும் கண்டது நீங்கள் மட்டும்தான். சாட்சிக்கு வாங்கோ."

வேலையை விட்டு நடந்தது அதனால்தான்.

அலுவலகத்தில் இலக்கத் துண்டை எடுத்துக்கொண்டு இருந்தோம். எங்களுக்கு முன்னால் போன ஒரு பெரிய மனிதர் தொப்பியைக் கசக்கியபடி வெளியே வந்தார். நான் மெதுவாகச் சொன்னேன்.

"படிப்பை விட்டாச்சு எண்டு சொல்லு. ஒரு வசனம். பிறகு செப்டம்பரைச் செப்டம்பரிலை பாப்பம்."

"விடேல்லையே அண்ணை."

"உனக்குச் செப்டம்பர் வேணுமோ, அத்தான்ரை கதிரை வேணுமோ?"

அவன் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைத் திறந்து மூடினான்.  

அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண். ஆங்கிலத்தில் கேட்டார், எனக்கு விளங்கியதை எழுதுகிறேன். விண்ணப்பப் பட்டியலைப் பார்த்தார். சப்பாத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இவர் யார்?"

"சாட்சி" என்றான் ரெடி.

நான் தலையாட்டினேன். அவர் என் விரலில் காய்ந்திருந்த மாவைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுக் கணினிக்குத் திரும்பினார்.

"நாளைக்கே ஒரு முழுநேர வேலை கிடைத்தால் போவீரா?"

ரெடி யோசித்தான். யாராக இருந்தாலும் அந்த இடத்தில் யோசிக்கமாட்டார்கள். சுவர் மணிக்கூட்டில் பெரிய முள் ஒருமுறை அசைந்தது, பிறகு இன்னொருமுறை அசைந்தது. அவன் பின்பக்கத்தில் ஓங்கி உதைக்கவேண்டும் போல எனக்கு இருந்தது.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டான்.

"என்ன?"

"நாளைக்கு எத்தனை மணிக்கு? ஏழுக்கு என்றால் போவேன். அதற்கு முன்னால் என்றால் பஸ் இல்லை. ஓகஸ்ட் முடியும்வரை எந்த வேலைக்கும் போவேன். செப்டம்பரில் படிக்கப் போவேன். அன்றைக்கு நானே உங்களுக்கு அறிவிப்பேன்."

முடிந்தது என்று நினைத்தேன். அத்தானின் கதிரை கண்ணுக்குள் வந்து நின்றது. அதிகாரி பழைய பதிவுகளை மேலிருந்து கீழே வாசித்தார். ஓரிடத்தில் கண்ணாடியைக் கழற்றினார்.

"நயாகராப் படகுக்காரர் நீர்தானா?"

"ஓம்."

அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு வேறுபக்கம் பார்த்தார். பிறகு, காசு தொடர்ந்து வரும் என்றார்.

வெளியே வந்து ஸ்ரீல்ஸ் வீதியில் நடந்தோம். வென்றவன் நடை அல்ல அது. மூன்று பஸ் தரிப்புகள் தாண்டியபின் கேட்டான்.

"அண்ணை, அன்ரி உங்களை வேலையாலை நிப்பாட்டிப் போட்டாவோ?"

"ஓம். அதுக்கென்ன?"

"அப்ப அந்த வேலை இப்ப காலிதானே."

நான் நின்றுவிட்டேன்.

"நாளைக்குக் கிடைச்சாப் போவன் எண்டு இப்பதான் சொல்லிட்டு வாறன். காலியான வேலை ஒண்டு இருக்கெண்டு தெரிஞ்சுகொண்டு எப்பிடி அண்ணை கேக்காமல் இருக்கிறது?"

"அடேய், உனக்காக வந்து போன வேலையடா அது. அதைப் பாத்தா நாக்கை நீட்டுறாய்?"

"அதுதான் எனக்கும் கஷ்டமாக் கிடக்கு" என்றான். 

அடுத்தநாள் காலை ஏழு மணிக்குச் சப்பாத்தோடு என் அறை வாசலில் நின்றான். திட்டிக்கொண்டேதான் வழிகாட்டப் போனேன். அன்ரி அவனைத் தலையிலிருந்து சப்பாத்துவரை பார்த்தார்.

"எவ்வளவு காலம் நிப்பீர் தம்பி?"

"ஓகஸ்ட் கடைசி வரைக்கும் அன்ரி. பிறகு படிக்கப் போறன்."

"முதல்நாளே போற நாளைச் சொன்ன ஆளை இப்பதான் காணுறன். சரி, ஏப்ரனை எடும். நேற்று இன்னொருத்தியும் வேலையை விட்டிட்டாள், எனக்கு ரெண்டு பேர் வேணும். ஆனா பக்கத்திலை நிக்கிற உவர் வேண்டாம். உவர் ஒரு இடத்திலை நிக்கிற ஆளில்லை."

"உவருக்கும் ஒண்டு குடுங்கோ அன்ரி."

"உவர் நிப்பார் எண்டு நீர் சொல்லுவீரோ?"

ரெடி என்னைத் திரும்பிப் பார்த்தான். யோசித்தான். அதிகாரிக்கு முன்னால் யோசித்ததைவிட நீளமாக யோசித்தான். என் கப்பலும் கோப்பையும் கோழியும் அவனுக்குத் தெரியும், நான்தான் பெருமையாகச் சொல்லியிருந்தேன். குளிர் அறையின் மோட்டார் நின்று, மறுபடி தொடங்கியது.

"ஓம்" என்றான். "நிப்பார்."

அவன் சொன்னபடியே ஓகஸ்ட் முடியப் போனான், செப்டம்பரில் படித்தான். கையில் ஒரு ஆதாரமும் இல்லாமல் அவன் சொன்ன பதில் எனக்குத் தெரிந்து அந்த ஒன்றுதான். அதைப் பொய்யாக்க மனம் வராமல், அன்று காலை எடுத்துக் கட்டிய ஏப்ரனோடு இன்னும் அதே மேசையில் றோல்ஸ் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.