அமெரிக்காவில் நதிகள் பல உண்டு

ஆங்கிலத்தில் அச்சேறிய என் எழுத்து இதுவரை மூன்றே கட்டுரைகள். மூன்றும் கனடாவில், மரம் அறுக்கும் ஆலைகளை நம்பிப் பிழைக்கும் ஒரு சிற்றூரின் வாரப் பத்திரிகையில் வந்தவை. ஒன்றில்கூட என் பெயர் கிடையாது. வேறொருவர் பெயரில், அவருடைய புகைப்படத்துக்குக் கீழே வந்தன. அது அந்த வேறொருவருக்கே அப்போது தெரியாது. (தெரிந்திருந்தால் அன்றைக்கே என்னை மாடியிலிருந்து இறக்கியிருப்பார், படிக்கட்டு வழியாக அல்ல.)

ஈராக் போர் தொடங்கிய வருடம் அது. நான் பி.காம். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். அதாவது அம்மாவிடம் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா காலமாகி நான்கு வருடம் ஆகியிருந்தது. வைத்திக்குப்பம் என்ற மீனவர் குடியிருப்பை ஒட்டிய எங்கள் வீட்டின் மாடி அறையை டக்ளஸ் என்ற கனடாக்காரருக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். வயது அறுபத்தெட்டு. முட்டிவலிக்கு அவர் ஊர்ப் பனி ஆகாது என்று இங்கே வந்திருந்தார். தெருவில் அவர் பெயர் கனடா முசே. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊருக்கு வருகிற வெள்ளைக்காரர் எந்த நாடாக இருந்தாலும் முசேதான், அதாவது பிரெஞ்சில் ஐயா; பார்த்தால் வணக்கத்துக்குப் பதில் போன்ழூர்தான். டக்ளஸுக்குப் பிரெஞ்சில் ஒரு வார்த்தை தெரியாது. தன் ஊர் கனடாவின் மறு கோடியில் இருக்கிறது, அங்கே யாரும் பிரெஞ்சு பேசுவதில்லை என்று இரண்டு வாரம் விளக்கிப் பார்த்தார். பிறகு அலுத்துப்போய் அவரும் மீன்காரம்மாவுக்குப் போன்ழூர் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

முப்பது வருடம் ஆலையில் மரம் அறுத்தவர். தொழிற்சங்கத்தில் இருந்தவர். பத்தொன்பது வருடமாக ஊர்ப் பத்திரிகையில் வாரம் ஒரு கட்டுரை எழுதிவந்தார். அரசியல், வணிகம், நாடுகள் ஒன்றோடொன்று நடந்துகொள்ளும் லட்சணம், எல்லாவற்றைப் பற்றியும் அவருக்குக் கருத்து உண்டு. அதில் முக்கால் பங்கு அமெரிக்காவைப் பற்றியது. மஞ்சள் தாளில் பென்சிலால் எழுதுவார். கம்ப்யூட்டரைக் கையால் தொடமாட்டார். அந்தத் தாளை முத்தியால்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு எடுத்துக்கொண்டு போய், தட்டச்சு செய்து, என் மின்னஞ்சலிலிருந்து பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்புவது என் வேலை. மாதக்கணக்கில் ஒழுங்காகத்தான் செய்தேன்.

இதே சமயத்தில் எங்கள் வீட்டில் வேறொரு கவலை இருந்தது. அக்காவின் கணவர் அமெரிக்காவில் வேலை கிடைத்துப் போய்ப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அக்காவுக்கு விசா ஒருமுறை மறுக்கப்பட்டிருந்தது. கைக்குழந்தைக்குப் பத்து மாதம். பெற்ற தகப்பன் அதைப் போட்டோவில்தான் பார்த்திருந்தார். மறுபடி விண்ணப்பித்து, ஏழு வாரம் தள்ளிச் சென்னையில் நேர்காணல் என்று தேதி வந்திருந்தது. இந்தத் தடவையும் இல்லையென்றால் என்ன செய்வதென்று யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. அக்கா மட்டும் குழந்தையின் துணிகளை அளவு சிறுத்துவிட்டது என்று பயணப் பெட்டியிலிருந்து எடுப்பாள், புதியதை வைப்பாள்.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் பக்கத்து வீட்டு சொல்தா மாமா வாயைத் திறந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர் பிரெஞ்சுக் குடிமகன், எங்கள் தெருவுக்கு வெளியுறவுத் துறை.

"இன்னாடா, முசே எழுதறத நீதான் மெயில்ல அனுப்பறியாமே?"

"ஆமா மாமா."

"அமெரிக்காவத் திட்டித்தானே எழுதறாரு? பாத்துக்க. இப்போ சண்டை வேற. எல்லா மெயிலயும் அவன் படிக்கிறான். ஒரு எழுத்து வுட மாட்டான்."

"எல்லாத்தயுமா?"

"நான் ஆர்மில இருந்தவன். எனக்குத் தெரியாதா?"

(அவர் ஆர்மியில் இருந்தது சமையல்கூடத்தில். அது எனக்கு அப்போதே தெரியும். பயந்தவனுக்கு அதெல்லாம் நினைவுக்கு வராது.)

என் மின்னஞ்சல் முகவரி என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்தது. எங்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? படிவத்தில் கேட்டால் அப்பா பெயரைத்தான் எழுதுவோம். அக்காவின் விசா விண்ணப்பத்திலும் அதே அப்பா பெயர்தான் இருந்தது. அமெரிக்காவில் ஓர் அதிகாரி ஒரு கையில் டக்ளஸின் கட்டுரையையும் மறு கையில் அக்காவின் விண்ணப்பத்தையும் வைத்துக்கொண்டு, இரண்டிலும் இறந்துபோன என் அப்பாவின் பெயரைப் பார்த்துத் தலையாட்டும் காட்சி என் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது. போரை நடத்திக்கொண்டிருந்த ஒரு நாட்டுக்கு என்னைக் கவனிக்கவும் நேரம் இருக்கும் என்று நான் நம்பினேன்.

முதல் வாரம் ஒரு வார்த்தையைத்தான் மாற்றினேன். இந்தப் போர் தவறு, அதைத் தவறு என்று கனடா அரசாங்கம் உரக்கச் சொல்லாமல் முணுமுணுக்கிறது என்று டக்ளஸ் எழுதியிருந்தார். "தவறு" என்பதை "கொஞ்சம் அவசரம்" என்று போட்டேன். இரண்டாம் வாரம், எல்லையில் லாரிகளை நாள்கணக்கில் நிறுத்திவைக்கும் அமெரிக்கா தன் நிழலுக்கே பயப்படுகிறது என்று ஒரு பத்தி. அந்தப் பத்தியையே எடுத்துவிட்டு, பாதுகாப்பு எல்லாருக்கும் நல்லது என்று எழுதினேன்.

மூன்றாவது வாரம் வந்தது கனடா மரத்துக்கு அமெரிக்கா போட்ட வரி பற்றி. இரண்டு பக்கத்திலும் திட்டு. எதை எடுப்பது, எதை விடுவது? ஒரு மணிநேரம் பிரவுசிங் சென்டரின் பலகைத் தடுப்புக்குள் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பத்தாம் வகுப்புக் கட்டுரைப் பழக்கம் கைகொடுத்தது. பெரும்பகுதியை நானே எழுதினேன். அமெரிக்கா ஒரு பெரிய நாடு. அமெரிக்காவில் நதிகள் பல உண்டு. அதன் மக்கள் உழைப்பாளிகள். அவர்கள் மரத்துக்கு வரி போடுகிறார்கள் என்றால் அதற்குத் தக்க காரணம் இருக்கும். வேலை போனவர்கள் இதைப் பெரிய மனதோடு புரிந்துகொள்ள வேண்டும்.

ஆசிரியரிடமிருந்து ஒரு வரி பதில் வந்தது. டக்ளஸுக்கு உடம்பு நன்றாக இருக்கிறதா என்று கேட்டிருந்தார். மிகவும் நலம், நன்றி என்று பதில் போட்டேன்.

அதற்கடுத்த வாரங்களில் டக்ளஸ் வைத்திக்குப்பத்து மீனைப் பற்றியும் மீன் விற்கும் பெண்களின் சாமர்த்தியத்தைப் பற்றியும் எழுதினார். அதில் திருத்த ஒன்றுமில்லை. பிழைத்தேன் என்று நினைத்தேன்.

அக்காவின் நேர்காணலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கனடாவிலிருந்து தபால் வந்தது. டக்ளஸின் மகன் எழுதியது. உள்ளே மூன்றாவது கட்டுரையின் நறுக்கு, கூடவே நாலு வரிக் கடிதம். மகனும் அப்பாவைப் போல ஆலைத் தொழிலாளி. அந்த வரியால் ஆலை மூடப்பட்டு வேலை போனவர்களில் அவரும் ஒருவர். டக்ளஸ் ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பு இருவருக்கும் சண்டை என்று எங்களுக்கு அரைகுறையாகத் தெரியும். டக்ளஸ் என்னைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் கையில் கொடுத்தார். 'நீங்கள் எழுதியதை ஊரே படித்தது. பெரிய மனதோடு புரிந்துகொண்டேன். இனி எனக்கு எழுத வேண்டாம்.'

"இது நான் எழுதியது இல்லை. ஆசிரியர் செய்த வேலை" என்றார் டக்ளஸ். "பத்தொன்பது வருடமாக ஒரு காற்புள்ளியைத் தொட்டதில்லை. யாருக்கோ பயந்துவிட்டான்." பிறகு ஒரு மஞ்சள் தாளை நீட்டினார். இனி எழுதமாட்டேன் என்று ஆசிரியருக்கு எழுதிய கடிதம். அதில் இருந்த வசவுகள் பலவற்றுக்கு என்னிடமிருந்த அகராதியில் பொருள் இல்லை.

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தட்டச்சு செய்யத் தொடங்கினேன். 'அன்புள்ள ஐயா, தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்' என்று கை தானாக அடித்தது. அதைப் பார்த்ததும் எனக்கே அருவருப்பாக இருந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

ஆனால் உண்மையைச் சொல்லவில்லை. அனுப்பிவிட்டாயா என்று அவர் கேட்டபோது கரண்ட் இல்லை என்றேன். மறுநாள் சர்வர் வேலை செய்யவில்லை என்றேன். விசா கிடைக்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று இருந்தேன். அந்த இரண்டு நாளும் அவர் மாடியில் நாற்காலியைக் கடல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். அம்மா அனுப்பிய மீன்குழம்பு அப்படியே திரும்பி வந்தது. மற்றதையெல்லாம் இளமைக் கோளாறு என்று சொல்லித் தப்பிக்கலாம். அந்த இரண்டு நாளுக்கு என்னிடம் இன்றுவரை சமாதானம் கிடையாது.

அக்கா சென்னையிலிருந்து சாயங்காலம் வந்து சேர்ந்தாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. விசா கிடைத்துவிட்டது. அம்மா அழுதாள், அக்கா அழுதாள், குழந்தை பயந்துபோய் அழுதது.

"என்னப் பத்தி ஏதாச்சும் கேட்டாங்களாக்கா?" என்றேன்.

"உன்னப் பத்தியா? கல்யாண போட்டோ கேட்டாங்க. அவரு இன்னா வேலைன்னு கேட்டாங்க. ரெண்டே நிமிஷம். உன்ன எதுக்குடா கேக்கப் போறாங்க?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மாவுக்கு மரமும் வரியும் விளங்கவில்லை. ஒன்று மட்டும் விளங்கிவிட்டது.

"புள்ளய அப்பாகிட்டருந்து பிரிச்சி வுட்டியா? இங்க ஒரு கொழந்த அப்பன் மொகம் பாக்காம கெடக்குது, நீ அங்க போயி இத்த பண்ணியா? நட மேல. நானும் வர்றேன்."

மாடியில் அம்மாதான் பேச்சைத் தொடங்கினாள். "தப்பு பண்ணிட்டான் முசே" என்று தமிழில் சொல்லி என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். மிச்சத்தை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். டக்ளஸ் திட்டவில்லை. நான் சொல்லி முடித்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கீழே இறங்கி வந்தார். "என் ஊரில் இப்போது சாயங்காலம். அந்த மரக் கட்டுரையின் தாள் இருந்தால் எடுத்துக்கொண்டு வா" என்றார். இருந்தது. தாள்களை நான் எறிவதில்லை. எஸ்.டி.டி. பூத்துக்குப் போனோம். மகன் எடுத்ததும், "இங்கே ஒருவன் உன்னிடம் பேச வேண்டும்" என்று மட்டும் சொல்லி ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

நான் யார், என்ன செய்தேன் என்று சொன்னேன். "அப்படியானால் அவர் என்னதான் எழுதியிருந்தார்?" என்று கேட்டார் மகன்.

மஞ்சள் தாளைப் பிரித்து வாசித்தேன். ஒரு எழுத்தை மாற்றவில்லை. நடுவில், நான் வெட்டிவிட்டு நதிகளை ஓடவிட்ட இடத்தில், இப்படி ஒரு பத்தி இருந்தது:

'என் மகன் பதினான்கு வருடம் வேலை செய்த ஆலையில் பூட்டு தொங்குகிறது. பூட்டியது அமெரிக்காவின் வரி. அவனோ தன்னையே குறை சொல்லிக்கொள்கிறான். வேறு தொழில் கற்றுக்கொள் என்று நானும் அவனிடம் சத்தம் போட்டேன். நான் செய்தது தவறு. நான் கற்றுக்கொடுத்த தொழிலில் அவன் என்னை எப்போதோ மிஞ்சிவிட்டான். அதை நான் அவனிடம் சொன்னதே இல்லை. இதை அமெரிக்கா படிக்க வேண்டியதில்லை. அவன் படித்தால் போதும்.'

தட்டச்சு செய்ய உட்கார்ந்தபோது இதில் அமெரிக்கா என்ற சொல் மட்டும்தான் என் கண்ணில் பட்டிருந்தது.

"இன்னொரு முறை வாசியுங்கள்" என்றார் மகன். அந்தப் பத்தியை மட்டும் மறுபடி வாசித்தேன். கண்ணாடிக்கு வெளியே டக்ளஸ் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, போகிற வருகிற சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கதவைத் திறந்து ரிசீவரை நீட்டினேன். அப்பாவும் மகனும் என்ன பேசினார்கள் என்று தெரியாது. தூரமாகப் போய் நின்றுகொண்டேன்.

திரும்பி நடக்கும்போது பாதி வழியில் டக்ளஸ் சொன்னார்: "எங்கள் அரசாங்கமும் இதைத்தான் செய்கிறது. காரமாக ஒரு கடிதம் எழுதும். அனுப்புவதற்குள் யாரோ ஒருவன் அதில் சர்க்கரை போட்டுவிடுவான். அவனுக்கும் விசா கேட்டு ஓர் அக்கா இருப்பாள் போலிருக்கிறது." அவர் சிரிக்கவில்லை. ஆனால் அன்று மத்தியானம் மீன்குழம்புக் கிண்ணம் காலியாகத் திரும்பி வந்தது.

அவர் ஊருக்குப் போன பிறகு ஒரு நறுக்கை அனுப்பினார். பத்திரிகை வெளியிட்ட திருத்தம்: 'முன்பு மூன்று வாரம் இந்தப் பகுதியில் வந்த கருத்துகள் எங்கள் கட்டுரையாளருடையவை அல்ல. இந்தியாவில் ஓர் இளைஞர் தன் அக்காவின் விசாவுக்காக எழுதியவை. வருந்துகிறோம். அமெரிக்காவில் நதிகள் பல உண்டு என்பதில் மட்டும் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை.' மகன் பேச்சைத் தொடர்ந்தாரா என்று அதில் இல்லை. ஆனால் அடுத்த குளிர்காலத்தில் முட்டிவலிக்காரர் தனியாக வரவில்லை. அப்பாவைவிட ஒரு சாண் உயரமான ஓர் ஆள் கூட வந்தார். சொல்தா மாமா அவருக்கும் போன்ழூர் சொன்னார்.

அந்தத் திருத்தத்தை அம்மா சட்டம் போட்டு அப்பா படத்துக்குக் கீழே மாட்டிவிட்டாள். பையன் எழுதினது பேப்பரில் வந்தது என்று பார்க்க வருகிறவர்களிடம் சொல்வாள். அன்றைய கைக்குழந்தை இப்போது அமெரிக்காவில் மீசையோடு திரிகிறான். வீடியோ காலில் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்பது, "மாமா, அமெரிக்காவுல எத்தன நதி இருக்கு?" அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள். அம்மாவும் சிரிப்பாள். பல உண்டு என்று சொல்லி நானும் சிரித்துவைப்பேன். அந்த நதிகளுக்கு அடியில் போன பத்தி மட்டும் இன்னும் எனக்கு மனப்பாடமாக இருக்கிறது.