லட்சத்தைத் தொட்ட வண்டியும் முடிவு சொல்லாத முள்ளம்பன்றியும்

அன்பர்களே, நெஞ்சில் கைவைத்து ஒரு கேள்விக்கு விடை சொல்லுங்கள். ஒரு பொருளை வேண்டாம் என்று நீங்கள் ஒதுக்கினீர்களே, அது முன்பே தேய்ந்திருந்ததா, அல்லது நீங்கள் பார்த்துப் பார்த்தே தேய்த்தீர்களா? விடை உடனே வராது. வரும்வரை இதைக் கேளுங்கள்.

ஒரு காட்டில் கூரப்பன் என்னும் முள்ளம்பன்றி தன் மனைவி வரியம்மையோடு வாழ்ந்து வந்தான். நேரிய நடை, இனிய சொல், முதுகு நிறைய முள். குறை ஒன்றுதான். தீர ஆராயாமல் எதையும் செய்யமாட்டான். தீர ஆராய்ந்த பிறகும் செய்யமாட்டான்.

அந்த ஆண்டு வரியம்மை கருவுற்றாள். பிரசவ ஆஸ்பத்திரியோ ஆற்றுக்கு அக்கரையில், மலைமேட்டில் இருந்தது. முந்தைய ஆண்டு கூரப்பனின் அக்காள் அங்கே நடந்து போகும்போது வலி கண்டு, வழியிலிருந்த இலந்தைப் புதருக்குள் குட்டி ஈன்றாள். குட்டியின் முள் எது, புதரின் முள் எது என்று பிரித்தெடுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. சரியாகப் பிரிக்கவில்லை போலும். அந்தப் பிள்ளையின் முதுகில் இன்றும் பருவந்தோறும் இலந்தை காய்க்கிறது.

தன் பிள்ளைக்கு அந்தக் கதி நேரக் கூடாது என்று கூரப்பன் உறுதி பூண்டான். மழைக்காலத்துக்குள் ஒரு கார் வேண்டும். புதிது வாங்க வசதியில்லை. ஆகவே பழைய கார் விற்கும் தருமலிங்கம் என்னும் நரியிடம் போனான்.

தருமலிங்கம் நேர்மையானவன். தன் குலத்தின்மேல் தலைமுறை தலைமுறையாக ஏறியிருந்த கெட்ட பெயரை, ஒரே ஒரு வண்டியையாவது ஒழுங்காக விற்றுத் துடைத்துவிட வேண்டும் என்பது அவன் விரதம். நரி நேர்மையாகப் பேசினால் சந்தேகம் வரும் என்பதால் அவனிடம் யாரும் எதுவும் வாங்கியதில்லை.

"இதுதானுங்க வண்டி," என்றான் நரி. "ஒரே ஓனர், காட்டெருமை டாக்டர். தொண்ணூத்தெட்டாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கு. மீட்டர்ல கை வைக்கலைங்க."

"வைக்கலையா?"

"சத்தியமா வைக்கலைங்க."

"கை வைக்காமயே இவ்வளவு காட்டுதுன்னா, வச்சிருந்தா எவ்வளவு காட்டியிருக்கும்," என்று கூரப்பன் கவலைப்பட்டான்.

பிறகு ஏறி உட்கார்ந்தான். இருக்கை அமுங்கியிருக்கிறதா என்று முன்னும் பின்னும் அசைந்து சோதித்தான். இறங்கியபோது மெத்தையின் பஞ்சு வெளியே வந்திருந்தது.

"சீட்டு கிழிஞ்சிருக்கே தம்பி."

"இப்பத்தானுங்க கிழிஞ்சது, உங்க முள்ளு பட்டு."

"எப்பக் கிழிஞ்சா என்ன? கிழிஞ்சிருக்கா, இல்லையா?"

"கிழிஞ்சிருக்குங்க," என்றான் நரி. அவனால் பொய் சொல்ல முடியாது.

அந்தக் காட்டின் வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். அங்கே பழைய வண்டி வாங்குவது பெண் பார்ப்பதைப் போன்றது. வாங்குகிறவர் சுற்றத்தோடு வருவார். விற்கிறவர் வண்டிக்குப் பூச்சூட்டி மெல்ல உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தி, கேசரியும் பஜ்ஜியும் பரிமாறுவார். வந்தவர்கள் ஓட்டிப் பார்ப்பார்கள். "வீட்டில் கலந்துகொண்டு சொல்லியனுப்புகிறோம்" என்று கிளம்புவார்கள். அவர்கள் சொல்லியனுப்பும்வரை விற்கிறவர் அந்த வண்டியை வேறு யாருக்கும் காட்டக் கூடாது. மறுபடி ஓட்டிப் பார்க்கக் கேட்டால் மறுக்கவும் கூடாது. லட்சம் கிலோமீட்டரைத் தொட்ட வண்டியைப் பார்க்க மட்டும் யாரும் வரமாட்டார்கள். அதற்கு வயது கடந்துவிட்டது என்பார்கள்.

வழக்கப்படி கூரப்பன் தன் சுற்றத்தை அழைத்து வந்தான். வரியம்மைக்குப் பெரியப்பா முறையான ஆமை வந்தார். குளிர்காலத்துக்கு வடதேசத்திலிருந்து வந்து, திரும்பிப் போக மனமில்லாமல் தங்கிவிட்ட வாத்து ஒருத்தியும் வந்தாள்.

ஆமை மீட்டரைப் பார்த்ததும் கேசரியைக் கீழே வைத்தார். "எனக்கு வயசு எரநூறு மாப்பிள்ளை. பொறந்ததுல இருந்து இந்தக் குளத்துக்கும் அந்தக் குளத்துக்குந்தான் போய்ட்டு வர்றேன். அதுக்கே மூட்டு வலிக்குது. தொண்ணூத்தெட்டாயிரம்னா இது எப்பவோ செத்திருக்கணும். ஓடுதுன்னா, ஓடுறது ஆவி."

"அட போங்க பெரியவரே," என்றாள் வாத்து. "பத்து வருசம் வந்து போனதுல நானே அவ்வளவு பறந்திருப்பேன். இது பால்குடி வண்டி. எனக்கு என்ன கொறைஞ்சு போச்சு?"

"ஒரு றெக்கை தொங்குதே."

"அது ஸ்டைலுங்க."

கூரப்பனின் உள்ளம் நடுவில் நின்று தத்தளித்தது. நிறைய ஓடிய வண்டி களைத்திருக்கும். குறைவாக ஓடிய வண்டியோ எதையும் அனுபவித்திருக்காது. அளவோடு ஓடியதா என்று அறிய ஒரே வழி, ஓட்டிப் பார்ப்பது.

"ஏனுங்க," என்றாள் வரியம்மை, வயிற்றைத் தாங்கியபடி. "சமதளத்துல ஓட்டுனா என்ன தெரியும்? மேட்டுல ஏத்திப் பாக்கணும். ஆஸ்பத்திரி ரோடு நல்ல மேடு."

அன்று அவளுக்குச் செக்கப் நாள். போனார்கள், மருத்துவர் பார்த்தார், திரும்பினார்கள்.

"மேட்டுல கொஞ்சம் முனகுது தம்பி," என்றான் கூரப்பன் மெய்யான வருத்தத்தோடு. "கலந்துகிட்டுச் சொல்லியனுப்பறோம்."

அடுத்த செக்கப் நாளில், முனகல் நின்றுவிட்டதா என்று மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். வரியம்மைக்கு மாங்காய் தின்ன ஆசை வந்தபோது, மலைக்கு அப்பால் மாந்தோப்புவரை ஓட்டி, டிக்கியில் மூட்டை வைத்தால் பின்பக்கம் தாழ்கிறதா என்று பார்த்தார்கள். வளைகாப்பு அன்று உறவினர் அத்தனை பேரையும் ஏற்றி, பாரம் தாங்குகிறதா என்று கல்யாண மண்டபம்வரை பார்த்தார்கள். தருமலிங்கம் ஒவ்வொரு முறையும் பெட்ரோல் ஊற்றினான், கேசரி கிண்டினான், கிழிந்த இருக்கையைத் தைத்தான்.

கூரப்பனை வஞ்சகன் என்று எண்ணிவிடாதீர்கள். வண்டி ரொம்ப ஓடியதா என்று ஒவ்வொரு முறையும் உண்மையாகவே ஐயப்பட்டான். ஒவ்வொரு முறையும் அது முன்னைவிட அதிகமாக ஓடியிருந்தது. ஐயம் வலுத்துக்கொண்டே போனதில் அவன் பிழை என்ன?

மழை பிடித்தது. ஆறு தரைப்பாலத்தை நக்கத் தொடங்கிய ஒரு நண்பகலில் வரியம்மைக்கு வலி எடுத்தது. கூரப்பன் இன்னும் முடிவு சொல்லியனுப்பவில்லை. வழக்கம் அறிந்தவனாகையால், வாங்காத வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்கன்றி வேறெதற்கும் கேட்க முடியாதே என்று நரியின் வாசலில் நின்று கையைப் பிசைந்தான்.

வரியம்மை பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "ஏனுங்க, மழையில இந்த வண்டி எப்படி ஓடுதுன்னு நாம இன்னும் பாக்கலையே."

தருமலிங்கமே வண்டியை ஓட்டினான். பின்னிருக்கையில் வரியம்மை முனகினாள். முன்னால் கூரப்பன் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் எண்கள் ஒன்பதுகளாக வந்து நிற்கத் தொடங்கியிருந்தன. பாலத்தின் நடுவே தண்ணீர் கதவளவு ஏறியது. எஞ்சின் இருமியது, நின்றது.

"அண்ணா, எறங்கித் தள்ளுங்க."

"தள்ளுனாலும் மீட்டர் ஓடுமா தம்பி?"

"ஓடுமுங்க," என்றான் நேர்மையான நரி.

கூரப்பன் தயங்கினான். "இப்பத் தள்ளலைன்னா," என்றாள் வரியம்மை, "பிள்ளை மேல ஆத்துமீனு காய்க்கும்."

அவன் இலந்தையை நினைத்தான். குதித்தான். வெள்ளத்தில் நின்று, முள்ளெல்லாம் சிலிர்க்க, முதுகு கொடுத்துத் தள்ளினான். வண்டி அலறி உயிர்பெற்று மேடேறியது. ஆஸ்பத்திரி வாசலைத் தொட்ட கணத்தில் ஒன்பதுகள் எல்லாம் ஒருசேரப் புரண்டு லட்சம் ஆயின.

வரியம்மையை உள்ளே கொண்டுபோனார்கள். கூரப்பன் மீட்டர் முன் கண்கலங்கி நின்றான். வெகுநேரம் கழித்து நர்ஸ் மந்தி வெளியே வந்து, "ரெண்டுங்க," என்றாள்.

"இல்லம்மா, ஒரு லட்சம்," என்றான் அவன்.

விவரம் புரிந்ததும் இரண்டு குட்டிகளையும் மகிழ்ச்சியோடு ஏந்திக்கொண்டான். குட்டிகள் மேல் இலந்தையும் இல்லை, மீனும் இல்லை. தருமலிங்கம் வால் சொட்டச் சொட்ட அருகில் வந்தான்.

"அண்ணா, வண்டி மூணு உசுரைக் காப்பாத்தியிருக்கு. இப்பவாவது ஒரு முடிவு சொல்லுங்க."

"தங்கமான வண்டி தம்பி. சாகறவரைக்கும் மறக்கமாட்டேன். ஆனா லட்சத்தைத் தொட்டிருச்சே. வயசு கடந்த வண்டியை எப்படி வாங்கறது?"

"தொட வச்சது யாருங்க?"

"யாரு ஓட்டுனா என்ன தம்பி? ஓடியிருக்கா, இல்லையா?"

தருமலிங்கம் மீட்டரைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான். குலத்தின் பெயரை நினைத்தான்.

"ஓடியிருக்குங்க," என்றான்.

மழை விட்ட பிறகு வரியம்மை குட்டிகளோடு வெளியே வந்தாள். "ஏனுங்க, வீட்டுக்குப் போகணுமே. இந்தக் கரையில கரடி ஒருத்தர் வண்டி விக்கறாராம். ஓட்டம் கம்மியாம். நம்ம வீடுவரைக்கும் ஓட்டிப் பாக்கலாங்களா?"

கரடி வீட்டிலிருந்து நெய்யும் முந்திரியும் வறுபடும் வாசம் வந்தது. தருமலிங்கம் ஒரு கணம் நின்றான். இத்தனை மாதமும் பிறர் உண்ணக் கேசரி கிண்டியவன் அவன்.

"வண்டி பாக்கப் போற உங்க பக்கம் ஆளு கம்மியா இருக்குங்க," என்றான். "குழந்தைகளுக்குத் தாய்மாமன் முறைன்னு நானும் வரட்டுங்களா?"

நீதி: வாங்கியவனுக்கு ஒரு வண்டி; முடிவு சொல்லாதவனுக்குக் காட்டிலுள்ள வண்டியெல்லாம்.

ஆகவே அன்பர்களே, நாளைக்கு என்று ஒத்திப்போடாதீர்கள். இன்றே, இப்போதே, கேசரி ஆறுவதற்குள், சுற்றத்தில் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு புறப்படுங்கள். போக வேண்டிய இடமெல்லாம் போய்வாருங்கள். இறங்கும்போது மீட்டரைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட மறவாதீர்கள்.