ஓடாத பெட்டிக்குக் கேரண்டி

மலைமேல் வளப்பூர் நாட்டு அப்பாசாமி, தன் மாமனார் வீட்டின் மேல் கோபித்துக்கொண்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்தக் கோபத்தை வளர்த்த அளவுக்கு மிளகுக்கொடியைக்கூட அவர் கவனமாக வளர்த்ததில்லை.

காரணம் இதுதான். கீழே முள்ளுக்குறிச்சியில் மச்சினன் இளங்கோவுக்குக் கல்யாணம். வந்த கூட்டத்தில், "சாப்பிட வாங்க" என்று மூத்த மாப்பிள்ளையை யாரும் கையைப் பிடித்துக் கூப்பிடவில்லை. கூப்பிடாவிட்டால் கோபித்துக்கொள்வது முறை. அப்பாசாமி முறை தவறாதவர். "உங்கூட்டுக் கல்யாணத்துல பச்சத்தண்ணி பல்லுல படல" என்று மனைவி அத்தாயியிடம் சொல்லிவிட்டு அன்றைக்கே மலையேறி வந்துவிட்டார்.

அந்தக் கோபம் அவரை ராஜாவாக வாழவைத்தது. அத்தாயி குரலை உயர்த்தினால் போதும், "பட்டினியாத் திரும்பி வந்தவன்டி நானு" என்பார். குரல் இறங்கும். ஒரு முட்டை இரண்டு முட்டையாகும். விறகு பிளக்கிற வேலை தானாக அத்தாயி கைக்குப் போய்விடும். கடைசியில் இளங்கோவே புது வேட்டியும் இரண்டு சேவலுமாக ஞாயிற்றுக்கிழமை வந்து, ஊரறிய மன்னிப்புக் கேட்பதாகச் சொல்லி அனுப்பினான்.

இதில் ஒரே ஒரு சிக்கல். அப்பாசாமி அன்றைக்குச் சாப்பிட்டிருந்தார்.

இரண்டாம் பந்தி, மூன்றாவது இலை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு. பாயசம் மட்டும் மூன்று கரண்டி. மூன்றாவது கரண்டி விழும்போது முகத்தில் சுள்ளென்று வெளிச்சம் அடித்தது. நிமிர்ந்து பார்த்தால், வீடியோக்காரர்.

எட்டு மாதம் கழித்து அந்த வீடியோ சிடியாக வந்து சேர்ந்தது. கீழே சேந்தமங்கலத்தில் அக்பர் அலி பாயின் டிவி கடையில் வீடியோக்காரர் கொடுத்து வைத்திருந்ததை அத்தாயி போய் வாங்கி வந்து, அரிசிப்பானை மேல் வைத்தாள்.

"ஏனுங்க, டிவி இருக்குது, சிடி இருக்குது. சிடி போடற பெட்டிதான் இல்ல. பாய் கடையில இருக்குதாம். தம்பி வாரப்ப எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாத்துப்புடலாமுங்க."

அப்பாசாமி அவசரமாகத் துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"நீ எதுக்குப் புள்ள பஸ்ஸுல அலையற? நானே போயி வாங்கியாறேன்."

அக்பர் அலி புத்தம்புது சிடி பிளேயரை எடுத்து வைத்தார். அப்பாசாமியின் கண்ணோ மூலையில் கிடந்த சாம்பல் நிறப் பெட்டி மேல் இருந்தது. அதற்கும் வட்டமாக ஒரு மூடி. உள்ளே சிடி உட்காரும் குழி.

"அது பழைய வீடியோ கேமுங்க. டிவில மாட்டிக் கார் ஓட்டலாம். படம் ஓடாது."

"நெசமாலுமே ஓடாதுங்களா?"

"பாட்டு சிடி போட்டாப் பாடும். கல்யாண சிடி ஓடவே ஓடாது."

"திடீர்னு என்னிக்காச்சும் ஓடிப்புடாதுங்களே பாய்?"

அக்பர் அலி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். "முப்பது வருசமாக் கடை வச்சிருக்கேன். ஓடும்னு கேரண்டி கேட்டுத்தான் வருவாங்க. ஓடாதுன்னு கேரண்டி கேக்குற மொத ஆளு நீங்கதான்."

எழுபது கொண்டை ஊசி வளைவிலும் அந்தப் பெட்டி அப்பாசாமி மடியில் குழந்தை மாதிரி உட்கார்ந்து வந்தது. வழியெல்லாம் அவர் முகத்தைச் சோகமாக வைத்துப் பழகிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே இளங்கோவும் அவன் மனைவி ராதிகாவும் வந்து இறங்கினார்கள். பக்கத்து வீட்டு மாதம்மாளும் வந்து டிவி முன்னால் இடம் பிடித்தாள். தட்டில் புது வேட்டி பளபளத்தது.

"மொதல்ல கல்யாணத்தப் பாக்கலாம். வேட்டி பொறவு" என்றாள் அத்தாயி.

அப்பாசாமி சிடியைப் போட்டு மூடியை அழுத்தினார். கோயில் மணி மாதிரி ஒரு முழக்கம். திரையில் பெட்டியின் முத்திரை வந்தது. பிறகு ஒரே இருட்டு.

"அடடா, ஓடலியே" என்றார், பழகி வைத்திருந்த சோகத்தோடு.

"தொடச்சுப் போட்டுப் பாருங்க" என்றாள் அத்தாயி.

துடைத்தார். இருட்டு.

"மலையேறி வந்ததுல ஈரம் கோத்திருக்கும் சாமி. வெயில்ல வை" என்றாள் மாதம்மாள். முற்றத்தில் காய்ந்த மிளகுக்கு நடுவே பெட்டியும் அரைமணி நேரம் காய்ந்தது. உள்ளே இரண்டு மிளகு போய்க் கடகடவென்றது. அப்போதும் இருட்டுதான்.

"தலகீழாக் கவுத்து வச்சா ஓடும்னு சொல்லுவாங்க மச்சான்" என்றான் இளங்கோ.

கவிழ்த்தார். பெட்டி 'கர்ர்' என்று உறுமியது. அப்பாசாமிக்கு மூச்சு நின்றது. உறுமல் அடங்கி இருட்டு திரும்பிய பிறகுதான் மூச்சும் திரும்பியது.

"இன்னொருக்கா போடுங்க" என்று அத்தாயி சொல்லிக்கொண்டே இருந்தாள். வாயை முந்தானையால் பொத்தியிருந்தாள். பாவம், தம்பி கல்யாணத்தைப் பார்க்க முடியாமல் அழுகிறாள் என்று அப்பாசாமிக்கே மனசு இளகியது.

"சரி, நமக்குக் குடுத்து வெக்கல. அந்த வேட்டிய எடு மாப்ள."

"இருங்க, சாப்பாடு ஆவட்டும்" என்றாள் அத்தாயி. கோழிக்குழம்பு வாசனை வீட்டைத் தூக்கியது. இலை விழுந்தது. இளங்கோவுக்கு, ராதிகாவுக்கு, மாதம்மாளுக்கு. அதோடு சரி.

"எனக்கு எலை?"

"சேவல் எம்பொறந்த ஊட்டுதுங்க. பச்சத்தண்ணிகூடப் படாத பல்லுல அது படலாமுங்களா?"

இளங்கோ பதறி எழுந்தான். "மச்சான், கையப் புடிச்சுக் கூப்புடறேன், வாங்க."

"நீ உக்காந்து சாப்புடு கண்ணு. அவருக்கு மொதப் பந்தி புடிக்காது." அத்தாயி கணவர் பக்கம் குனிந்து, மற்றவர் காதில் விழாமல் சொன்னாள்: "உங்களுக்கு ரெண்டாம் பந்தியில, மூணாவது எலை. சுவரப் பாத்துப் போடறேன். துண்டு இருக்குதுங்களா?"

அப்பாசாமியின் கை தானாகத் தோள் துண்டைத் தொட்டது. "உனக்கு... எப்புடி?"

"சிடியில கீறல் கீது இருக்குமோன்னு பாய் கடையிலயே போட்டுப் பாத்துத்தானுங்க வாங்கியாந்தேன்."

எல்லாரும் எழுந்து கை கழுவப் போனார்கள். புது வேட்டித் தட்டையும் அத்தாயி தம்பியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். அப்பாசாமி துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மூன்றாவது இலையில் உட்கார்ந்தார். அத்தாயி பாயசத்தை ஒன்று, இரண்டு, மூன்று என்று கரண்டிக் கணக்கு குறையாமல் ஊற்றினாள்.

"நல்லாச் சாப்புடுங்க. வெறகுக் கோடாலியத் தீட்டி வாசல்ல சாத்தி வெச்சிருக்கறேன்."